ஹைன்கஸா, கிளின்ஸ்மனா: கிளப் பயிற்சியாளராக யார் ஒரு படி மேலே?

2009 ஏப்ரல் 27 அன்று ஜெர்மனியின் கால்பந்து கிளப் பயர்ன் மியூனிக், பயிற்சியாளர் யூர்கன் கிளின்ஸ்மனைப் பதவியிலிருந்து தூக்கியது. சீசனில் மிச்சம் ஐந்தே ஆட்டம். அந்த ஐந்துக்கும் பொறுப்பேற்க வந்தவர் யூப் ஹைன்கஸ். நான்கு வெற்றி, ஒரு டிரா. மூன்றாவதாக இருந்த அணி இரண்டாவதாக முடித்தது. இருவருமே ஜெர்மனியின் பெரிய ஸ்ட்ரைக்கர்கள், ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள். ஒப்பிட இதைவிடத் தோதான ஜோடி எனக்குத் தெரியவில்லை.

ஆடிய காலத்தை மட்டும் பார்த்தால் உலகம் அதிகம் கொண்டாடியது கிளின்ஸ்மனைத்தான். 1990 உலகக் கோப்பை, கேப்டனாக 1996 யூரோ, ஜெர்மனிக்காக 108 ஆட்டங்களில் 47 கோல். ஹைன்கஸும் 1974 உலகக் கோப்பை அணியில் இருந்தார். ஆனால் இறுதி ஆட்டத்தில் களமிறங்கவில்லை. அவருடைய ராஜ்ஜியம் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகா: 369 ஆட்டங்களில் 220 கோல். 1978-இல் கடைசி லீக் ஆட்டத்தில் அவருடைய மன்ஷன்கிளாட்பாக் அணி டார்ட்மண்டை 12-0 என்று துவைத்தது. ஐந்து கோல் இவருடையது. அப்படியும் கோல் வித்தியாசத்தில் பட்டம் கொலோன் அணிக்குப் போய்விட்டது, பாவம்.

சரி, பயிற்சியாளர் வேலைக்கு வருவோம். கிளின்ஸ்மன் எடுத்த எடுப்பிலேயே ஜெர்மனியின் தேசிய அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அமெரிக்காவிலிருந்து உடற்பயிற்சி நிபுணர்களை வரவழைத்தார், இளைஞர்களை நம்பினார், 2006 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம். அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச நான் தயாராக இல்லை. ஜெர்மன் கால்பந்தின் முகமே அந்தக் கோடையில்தான் மாறியது. ஆனால் தேசிய அணிக்குச் சில வாரம் உற்சாகம் ஊட்டினால் வண்டி ஓடும். கிளப்பில் மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம். எதிராளிக்கு ஏற்ப தினமும் களத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். அவர் காலத்தில் பயர்னில் உடற்பயிற்சிதான் அதிகம், வியூகப் பாடம் குறைவு என்று அப்போது அந்த அணியில் ஆடிய பிலிப் லாம் பின்னால் வெளிப்படையாகவே எழுதினார். வோல்ஃப்ஸ்பர்கிடம் 5-1, பார்சிலோனாவிடம் 4-0 என்று அடுத்தடுத்து விழுந்த அடியில் அது தெரிந்தது. 2019-இல் ஹெர்தா பெர்லின் கிளப்பில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர், பதினோரு வாரத்தில் பேஸ்புக்கில் விடைபெற்றுக்கொண்டார்.

ஹைன்கஸ் ஆடி முடித்த கையோடு கிளாட்பாக்கில் உதவிப் பயிற்சியாளர் ஆனார். 1979-இல் தலைமைப் பொறுப்பு, அதில் எட்டு ஆண்டு. அப்புறம் பயர்னுக்கு 1989, 1990 லீக் பட்டங்கள். அவரும் சறுக்காதவர் இல்லை. பிராங்க்ஃபர்ட்டில் நட்சத்திர வீரர்களோடு மோதல், ஷால்கேயில் பாதியில் வெளியேற்றம். 1998-இல் ரியல் மாட்ரிட்டுக்கு 32 ஆண்டுக்குப் பிறகு ஐரோப்பியக் கோப்பையை (இப்போதைய பெயர் சாம்பியன்ஸ் லீக்) திரும்பக் கொண்டுவந்தார். லீக்கில் நான்காம் இடம் என்பதால் அந்தச் சீசனோடு அவரை அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் மனது ஆறவில்லை.

அவரை என் கண்ணில் உயர்த்துவது 2012-க்குப் பிறகு நடந்ததுதான். அப்போது அவர் மறுபடி பயர்னின் பயிற்சியாளர். சொந்த மைதானத்தில் இங்கிலாந்தின் செல்சியிடம் பெனால்டியில் சாம்பியன்ஸ் லீக் இறுதியை இழந்த அணி அது. அடுத்த ஆண்டு தாக்குதல் நட்சத்திரங்களான ரிபெரியும் ராபனும் பின்னால் ஓடிவந்து தற்காப்புக்குக் கைகொடுத்ததைப் பாருங்கள். அந்த இருவரை அப்படி ஓடவைப்பது லேசான காரியம் இல்லை. அரையிறுதியில் பார்சிலோனாவை இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 7-0. வெம்ப்ளி இறுதியில் 89-ஆவது நிமிடம், ரிபெரி குதிகாலால் தட்டிவிட்ட பந்தை ராபன் கோல்கீப்பரைத் தாண்டி மெதுவாக உருட்டினார். லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் ஒரே சீசனில். அதற்கு முன் எந்த ஜெர்மன் கிளப்பும் தொடாத உயரம்.

ஆகவே என் ஓட்டு தயக்கமில்லாமல் ஹைன்கஸுக்கு. 2017 அக்டோபரில் தடுமாறிய பயர்ன் மறுபடி கூப்பிட்டபோது அவருக்கு 72 வயது. ஓய்விலிருந்து எழுந்து வந்தார், 21 புள்ளி முன்னிலையில் லீக்கை வென்றுகொடுத்தார். கடைசி ஆட்டமான கோப்பை இறுதியில் பிராங்க்ஃபர்ட்டிடம் 3-1 என்று தோற்றுவிட்டு வீடு திரும்பினார்.