கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்: தமிழ் மின்நூலுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

மின்நூலை நாமே வெளியிட்டு விற்க உதவும் அமேசானின் இந்தச் சேவை (சுருக்கமாகக் கேடிபி) 2007-இல் கிண்டில் என்ற மின்நூல் வாசிப்புக் கருவியோடு வந்தது. பதிவுக் கட்டணம் இல்லை, பிரதிகளை அச்சிட்டு அடுக்கி வைக்கும் கவலை இல்லை, வெளியான பிறகும் பிழை திருத்தி மறுபடி ஏற்றலாம். சிறு பதிப்பகங்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் கோப்பைச் சீர்செய்வதும் வாசகரைத் தேடிப் பிடிப்பதும் முழுக்க நம் தலையில்தான்.

முதல் சிக்கல் எழுத்துரு. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பழைய கோப்புகள் பெரும்பாலும் யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், இருக்காது. அப்படியே ஏற்றினால் திரையில் குப்பைதான் தெரியும். யூனிகோடாக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தாலும் வேலை முடியாது. ‘ஔ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’, ‘ள’ என இரண்டு எழுத்துகள் நிற்கும். துணைக்கால் ‘ர’ ஆகியிருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் மெய்ப்பு பார்ப்பவரும் தவறவிடுவார், தேடலில்தான் சொல் அகப்படாது. வரிக்கு வரி படித்துத் திருத்துவதைத் தவிர வழியில்லை. பிறகு இபப் (EPUB) என்ற மின்நூல் வடிவக் கோப்பாக்கி, முன்னோட்டம் காட்டும் கிண்டில் பிரிவியூவர் மென்பொருளில் கைபேசி அளவிலும் டேப்லெட் அளவிலும் புரட்டிப் பாருங்கள். அட்டை 2560 பிக்சல் உயரம், 1600 அகலம்.

உரிமைத்தொகைக்கு 35, 70 சதவீதம் என இரண்டு திட்டங்கள் உண்டு; 70 சதவீதம் என்றதும் அதையே தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. அந்தத் திட்டத்தில் கோப்பின் எடைக்கு விநியோகக் கட்டணம் கழிப்பார்கள். அமெரிக்கத் தளத்தில் ஒரு எம்பிக்கு 15 சென்ட். படங்கள் நிறைந்த 20 எம்பி நூலை 4.99 டாலருக்கு விற்றால் 3 டாலர் அதிலேயே போய், கையில் வருவது சுமார் 1.39. கட்டணமே இல்லாத 35 சதவீதத் திட்டத்தில் அதே நூலுக்கு 1.75 கிடைக்கும். படங்களைச் சுருக்கினால் கணக்கு தலைகீழாகும்.

கேடிபி செலக்ட் என்ற விருப்பத் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் மின்நூலை வேறெங்கும் விற்க முடியாது. அச்சு நூலுக்கு அந்தத் தடையில்லை. இந்த 90 நாள் தவணை தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், வேண்டாமென்றால் தானாகப் புதுப்பிப்பதற்கான குறியை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். ஒரு தவணையில் நூலை இலவசமாகத் தர அனுமதிக்கும் 5 நாள் சலுகையை முதல் வாரத்திலேயே கரைத்துவிடுவது வீண். தொடரின் அடுத்த பாகம் வரும்போது முதல் பாகத்துக்குக் கொடுங்கள்.

விற்பனையைக் கெடுப்பதில் பெரிய பங்கு அணிந்துரைகளுக்கு. இலவச மாதிரியாகக் கிடைப்பது நூலின் தொடக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அணிந்துரை, வாழ்த்துரை, பதிப்புரை, நன்றியுரை என்று அதை நிரப்பிவிட்டால் வாசகர் முதல் அத்தியாயத்தை எட்டவே மாட்டார். அச்சு மரபு என்று விட்டுக்கொடுக்காமல், அத்தனையையும் நூலின் கடைசிக்குக் கொண்டுபோங்கள். நூல் விவரங்களை நிரப்பும் இடத்தில் தேடுசொல்லுக்கு 7 பெட்டிகள் உண்டு. தலைப்பில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை அவற்றில் மறுபடி இடாமல், வாசகர் தட்டச்சு செய்யக்கூடிய சொற்றொடர்களை இடுங்கள்.