'இறந்தவன் காசு' வாங்குமுன் ஒரு எச்சரிக்கை

முதல் உலகப் போரில் மாண்டவர்களின் குடும்பங்களுக்கு பிரிட்டன் அனுப்பிய வெண்கல நினைவுத் தகட்டுக்கு 'இறந்தவன் காசு' என்று பெயர். 13 லட்சத்துக்கு மேல் வார்த்தவை, அதனால் தகடு மட்டும் அபூர்வமில்லை. கதைக்குத்தான் விலை. பிழைக்க ஆஸ்திரேலியா போன பையன், துருக்கியின் கலிப்போலிப் போர்க்களத்தில் சாவு, இங்கிலாந்தில் காத்திருந்த அம்மா என்றால் ஏலம் எகிறிவிடும். அப்படி நாங்கள் எடுத்த ஒன்று போலி. பணம் போனதுதான்.

தகட்டிலிருந்த பெயர் படை ஆவணத்தில் இல்லை. கேட்டதற்கு, "வேறு பெயரில் சேர்ந்தான்" என்றார் விற்றவர். நடக்காததும் இல்லை. இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ்காரர் ஜான் சிம்ப்சன் கிர்க்பேட்ரிக், 1910இல் கப்பலை விட்டு ஓடி ஆஸ்திரேலியாவில் தங்கியவர், குடும்பப் பெயரை விட்டு ஜான் சிம்ப்சன் என்றே படையில் பதிந்தார். கலிப்போலியில் காயம்பட்டவர்களைக் கழுதையில் ஏற்றிவந்தவர், 1915 மே 19இல் 22 வயதில் செத்தார். சொந்த ஊரில் கழுதையோடு சிலையாக நிற்கிறார். இந்த உண்மைதான் வியாபாரிக்குச் சாக்கு.

ஆகவே கதையை விடுங்கள், உலோகத்தைப் பாருங்கள். அசலின் விட்டம் சுமார் 120 மி.மீ. அசலை அச்செடுத்து வார்த்தால் வெண்கலம் ஆறும்போது சுருங்கும். காலிப்பர் என்ற அளவுகோலில் ஒன்றிரண்டு மி.மீ. குறையும், தகட்டிலுள்ள சிங்கத்தின் பிடரி மழுங்கியிருக்கும். முன்னங்கால் அருகே வடிவமைத்தவரின் முதலெழுத்துகள் பொடியாக இருக்கும். போலியில் அவை வெறும் புடைப்பு. பெயர் எப்போதும் மேலெழும்பிய எழுத்து. பள்ளமாக வெட்டியிருந்தால் பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு எழுதியது. எங்கள் தகட்டில் எழுத்து மேலெழும்பித்தான் இருந்தது. ஆனால் பெயர்க் கட்டத்தின் தரை குழிந்து, எழுத்தடியில் ஈயப்பற்று மின்னியது. பக்கவாட்டில் டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது. நேர் வெளிச்சப் படத்தில் தெரியாது. பதவியோ படை எண்ணோ முகப்பில் இருந்தால் அப்போதே கீழே வையுங்கள். சாவில் எல்லோரும் சமம் என்று அவற்றை வேண்டுமென்றே விட்டார்கள்.

'ஆய்வுக் கோப்பு' என்று தனியாகவும் காசு வாங்கினார் விற்றவர். ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் தரும் பக்கங்களின் பிரின்ட்தான் அது. அந்தக் கோப்புகளிலேயே பெரும்பாலும் தகட்டைப் பெற்றுக்கொண்டதாக உறவினர் கையெழுத்திட்ட ரசீது இருக்கும், மாற்றுப்பெயர் இருந்தால் அதுவும் இருக்கும். அவர் கொடுத்த கட்டில் அந்தப் பக்கம் மட்டும் இல்லை.