கட்டியா, கையால் வறுத்ததா? வீட்டில் சிக்கன் கட்சு கறி

டோக்கியோவுக்குக் குடிவந்த புதிதில், சனிக்கிழமை மதியம் என்றால் எங்கள் வீட்டில் கட்சு கறி. தட்டின் ஒரு பக்கம் சோறு, அதன்மேல் சாய்த்து வைத்த மொறுமொறு சிக்கன், மறுபக்கம் பழுப்பு நிறத்தில் கெட்டியான குழம்பு. பார்க்க ஒரே பண்டம் மாதிரி இருக்கிறது. செய்ய இறங்கினால் இரண்டு சமையல். குழம்புக்கு ஒரு அடுப்பு, பொரிக்க ஒரு அடுப்பு. இரண்டிலும் உயிரைக் கொடுத்துச் செய்த நாட்களில், சாப்பிட உட்காரும்போது ஏதாவது ஒன்று கெட்டிருக்கும். அதனால் எதற்கு மெனக்கெட வேண்டும், எதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'கட்சு' என்பது கட்லெட் என்ற ஆங்கிலச் சொல் ஜப்பானிய வாயில் 'கட்சுரெட்சு' ஆகி, பிறகு சுருங்கியது. 'கரே' என்று அவர்கள் சொல்வது நம் 'கறி'தான். ஆங்கிலேயர் வழியாக மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) அங்கே போய்ச் சேர்ந்தது. 1899-இல் டோக்கியோ கின்சாவில் இருக்கும் ரெங்காதெய் உணவகம் பன்றிக்கறியை எண்ணெயில் முக்கிப் பொரித்துக் கொடுக்கத் தொடங்கியது. 1948-இல் அதே கின்சாவில் சுவிஸ் என்ற உணவகத்தில், யோமியூரி ஜயன்ட்ஸ் பேஸ்பால் வீரர் சிபா ஷிகெரு, கறிக் குழம்பையும் கட்சுவையும் ஒரே தட்டில் போடச் சொன்னார் என்பது அந்தக் கடை சொல்லும் கதை. ஆக, மூலம் பன்றிக்கறி. சிக்கனுக்கு மாற்றினாலும் செய்முறை அப்படியே பொருந்தும்.

குழம்பு: மூன்று வழிகள்

முதல் வழி, பெட்டியில் வரும் 'ரூ' கட்டி, அதாவது குழம்பைக் கெட்டியாக்கும் வறுத்த மாவுக் கலவை. சாக்லேட் பாளம் மாதிரி கோடு போட்டு அச்சில் வார்த்திருப்பார்கள், கையாலேயே ஒடிக்கலாம். கொழுப்பில் வறுத்த கோதுமை மாவு, கறித்தூள், உப்பு, சர்க்கரை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஜப்பானிய வீடுகளில் பெரும்பாலும் இதுதான். ஹவுஸ் நிறுவனத்தின் வெர்மான்ட் கறி 1963-இல் வந்தது. ஆப்பிளும் தேனும் சேர்த்தது, நல்ல இனிப்பு. எஸ் அண்ட் பி-யின் கோல்டன் கறி 1966. இனிப்பு குறைவு, மசாலா வாசம் தூக்கல். ஹவுஸின் இன்னொரு கட்டியான ஜாவா கறி 1968, பெரியவர்களுக்கான காரம். ஒவ்வொன்றிலும் அமகுச்சி, சூகரா, கரகுச்சி என்று காரத்தின் அளவைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். கரகுச்சி என்றால் அதிகக் காரம் என்று பொருள். நம் நாக்குக்கு அது மிளகு ரசத்தின் பக்கத்தில்கூட வராது.

இதில் என் தேர்வு கோல்டன் கறி. கட்சுவின் மேலோட்டில் எண்ணெயும் லேசான இனிப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. வெர்மான்ட்டை ஊற்றினால் இனிப்பின்மேல் இனிப்பு. குழந்தைகளுக்கு மட்டும் என்றால் வெர்மான்ட் சரி. சில வீடுகளில் இரண்டு கட்டிகளையும் பாதிப் பாதி கலக்கிறார்கள். நானும் கலந்து பார்த்தேன், நன்றாகவே இருந்தது.

கட்டி சுலபம் என்று சொன்னாலும் அதைக் கெடுக்க இரண்டு வழி உண்டு, இரண்டையும் நான் செய்திருக்கிறேன். முதல் முறை, தளதளவென்று கொதிக்கிற பாத்திரத்தில் அப்படியே போட்டேன். வெளிமாவு உடனே வெந்து இறுகிவிட்டது, உள்ளே கரையவே இல்லை. கடைசிவரை உருண்டை உருண்டையாக மிதந்தது. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டுச் சொன்னது: முதலில் அடுப்பை அணை, கொதி அடங்கட்டும், பிறகு ஒடித்துப் போட்டுக் கரை, கரைந்ததும் சிம்மில் பத்து நிமிடம் வை. பெட்டியின் பின்னாலும் இதையேதான் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது தவறு, ருசிக்காகக் கடைசியில் ஒரு கரண்டி தேன் விட்டது. அன்று இரவு கெட்டியாக இருந்த குழம்பு மறுநாள் காலையில் தண்ணீராகிவிட்டது. சூடேறாத தேனில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. தேன் சேர்ப்பதென்றால் கட்டி போடும் முன்பே சேர்த்து இருபது நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். நக்கிய கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விட்டாலும் இதே கதைதான். எச்சிலிலும் அந்த வகை நொதி உண்டு.

இரண்டாவது வழி, ரூவைக் கையால் வறுப்பது. நாலு பேருக்கு வெண்ணெய் 40 கிராம், மைதா 40 கிராம். அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் மரக்கரண்டியால் விடாமல் கிளற வேண்டும். முதல் ஐந்து நிமிடம் பச்சை மாவு வாசனை. பத்தாவது நிமிடத்தில் பிஸ்கட் வாசனை. பதினைந்து தாண்டினால் கருப்பட்டி நிறத்துக்கு இறங்கும். அங்கே அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஒன்றரை மேசைக்கரண்டி கறித்தூள். அடுப்பு எரியும்போது போட்டால் தூள் கருகிக் கசந்துவிடும். பிறகு சூடான கோழிச்சாறு 600 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரைத்து, அரை ஆப்பிளைத் துருவிப் போட்டு, சோயா சாஸ், வூஸ்டர் சாஸ், தக்காளி கெச்சப் ஒவ்வொரு கரண்டி விட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

கறித்தூள் விஷயத்தில் நம் வீட்டுக் குழம்புப் பொடி உதவாது, போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதில் மிளகாய் முன்னால் வந்து நிற்கும், பருப்பு வாசமும் ஏறிவிடும். ஜப்பானியத் தூளில் மஞ்சளும் தனியாவும் சீரகமும் வெந்தயமும் முன்னால் நிற்க, உலர்ந்த ஆரஞ்சுத் தோலின் மணம் பின்னால் வரும். யமசாகி மினெஜிரோ 1923-இல் ஜப்பானிலேயே கறித்தூள் தயாரித்தார். அவர் தொடங்கியதுதான் பின்னாளில் எஸ் அண்ட் பி ஆயிற்று. அவர்களுடைய சிவப்பு டப்பா கிடைத்தால் அதை வாங்குங்கள்.

கையால் வறுத்ததில் வாசம் புதிது, உப்பு நம் கையில். கொழுப்பும் அப்படியே, இது முக்கியம். பல ரூ கட்டிகளில் பன்றிக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு கலந்திருக்கும்; சிக்கன் கட்சு கறி என்பதால் சிக்கன் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மாட்டுக்கறி தொடாதவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தே ஆக வேண்டும். படிக்க முடியாத மொழியில் இருந்தால் யோசிக்காமல் இரண்டாவது வழிக்கு வந்துவிடுங்கள்.

மூன்றாவது வழி பிரிட்டனில் பரவலானது. 1992-இல் லண்டனில் தொடங்கிய வாகமாமா உணவகங்கள் கட்சு கறியை அங்கே எல்லோருக்கும் தெரிந்த பெயராக்கிவிட்டன. இப்போது அங்கே பலருக்கு 'கட்சு' என்றாலே அந்த மஞ்சள் குழம்புதான் நினைவுக்கு வருகிறது, பொரித்த கறி அல்ல. வெங்காயம், பூண்டு, இஞ்சி, கேரட்டை வதக்கி, மாவும் கறித்தூளும் தூவி, கோழிச்சாறும் தேங்காய்ப்பாலும் விட்டு, மிக்ஸியில் அடித்து வடிகட்டுகிறார்கள். தேங்காய்ப்பால் சேர்ந்ததும் நம் நாக்குக்கு உடனே பழகிவிடும், அதனாலேயே எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றம். வறுத்த மாவின் ஆழம் வருவதில்லை, சொதியின் தூரத்து உறவு போல இருக்கிறது. அரை மணியில் முடிந்துவிடுகிறது என்பது இதன் பலம்.

மூன்றையும் ஒரே நாளில் சின்னச் சின்னப் பாத்திரங்களில் வைத்து வீட்டாரிடம் கொடுத்துப் பார்த்தேன். கையால் வறுத்ததற்கும் கட்டிக்கும் வித்தியாசம் தெரிந்தது, ஆனால் வெறும் சோற்றில் விட்டுச் சாப்பிட்டபோது மட்டும். பொரித்த சிக்கனோடு சேர்ந்ததும் அந்த வித்தியாசம் பாதியாகிவிட்டது. அதனால் சாதாரண நாட்களில் என் வழி இது: கட்டிதான், ஆனால் அதற்கு முன் இரண்டு பெரிய வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, எண்ணெயில் அரை மணி நேரம் சிறு தீயில் செம்பழுப்பாகும்வரை வதக்குவது. ஒரு கேரட், அரை ஆப்பிள் துருவல், 600 மில்லி தண்ணீர், நன்றாக வெந்ததும் மிக்ஸியில் ஒரு அடி அடித்து, சுமார் 100 கிராம் கட்டி. உருளைக்கிழங்கும் கறித்துண்டும் போட மாட்டேன். கட்சுவுக்குப் பக்கத்தில் அவை வெறும் இடைஞ்சல். உப்பு தனியாகப் போடவே வேண்டாம்.

நெஞ்சா, தொடையா

ஜப்பான் சூப்பர் மார்க்கெட்டில் எலும்பில்லாத தொடைக்கறி தோலோடு கிடைக்கும், நெஞ்சுக்கறி அதைவிட மலிவு. முதல்முறை செய்பவர்களுக்குத் தொடை. ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் வறளாது. கை பழகிய பிறகு நெஞ்சு. குழம்பிலேயே போதுமான கொழுப்பு இருப்பதால் மெலிந்த கறி அதற்குத் தோதாக இருக்கிறது. வெட்டும்போதும் ஓடு பிய்யாமல் பளிச்சென்று துண்டாகும். ஆனால் நெஞ்சுக்கறி ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் இருக்கும். நடுவில் கத்தியை விட்டுப் புத்தகம் போலத் திறந்து, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்குச் சமமாகத் தட்டினால்தான் ஒரே நேரத்தில் வேகும். உப்பு, மிளகுத்தூள் போதும். தயிர், மசாலா ஊறல் எதுவும் வேண்டாம்.

பாங்கோவும் ரஸ்க் தூளும்

இந்த ஒப்பீட்டில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் ஊர்க் கட்லெட்டுக்குப் போடும் ரஸ்க் தூள் மணல் மாதிரி நைஸ். பொரித்தால் கெட்டியாக ஒட்டிய தோல் கிடைக்கும், குழம்பு பட்டதும் அது பிசுபிசுத்துவிடும். பாங்கோ என்ற ஜப்பானிய ரொட்டித் தூள் சீவல் சீவலாக, ஊசி ஊசியாக நிற்கும். அந்த ஊசிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் மொறுமொறுப்பு. ஓடு பிடிக்காத வெள்ளை ரொட்டிக்காகவே மாவில் மின்சாரம் பாய்ச்சி வேகவைக்கும் முறைகூட ஜப்பானில் இருக்கிறது. உலர்ந்த பாங்கோவைவிட ஈரமுள்ள 'நாமா பாங்கோ' இன்னும் உசத்தி. கிடைக்காத ஊரில் இரண்டு நாள் பழைய வெள்ளை பிரெட்டின் ஓரத்தை நறுக்கிவிட்டு, ஃப்ரீசரில் இறுக்கி, துருவியின் பெரிய கண்ணில் துருவுங்கள். கடை உலர் பாங்கோவைவிட எனக்கு இதுவே பிடிக்கிறது.

மைதா, முட்டை, பாங்கோ என்று மூன்று தட்டுகளில் வரிசையாகப் புரட்டுவது எல்லோரும் செய்வது. ஒரு முட்டை, மூன்று மேசைக்கரண்டி மைதா, ஒரு கரண்டி தண்ணீர் எனக் கரைத்து அதில் ஒரே முக்காக முக்கிப் பாங்கோவில் போடுவது இன்னொரு முறை. இரண்டாவதில் ஓடு கறியை விட்டுக் கழன்று வருவதில்லை. எந்த முறையானாலும் கறியின் ஈரத்தை முதலில் துடைத்திருக்க வேண்டும். பாங்கோவை அழுத்தித் தேய்க்காமல், மேலே அள்ளிப் போட்டு உள்ளங்கையால் லேசாக ஒற்றுங்கள். ஊசிகள் படுத்துவிடக் கூடாது.

எண்ணெயா, ஏர் ஃபிரையரா

ஏர் ஃபிரையரில் பச்சைப் பாங்கோவோடு வைத்தால் கறி வெந்துவிடும், ஓடு வெளிறிப்போய்த் தூளாகவே இருக்கும். பாங்கோவை முதலில் வாணலியில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுப் பொன்னிறமாக வறுத்து, ஆறியபின் கறியில் ஒட்டி, 190 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் நிறமும் கடியும் கிடைக்கும். எண்ணெய்ச் சட்டி வைக்கத் தயங்குகிறவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல வழி.

ஆனாலும் எண்ணெயின் பக்கத்தில் அது நிற்காது. சட்டி நிறைய வேண்டியதில்லை. இரண்டு சென்டிமீட்டர் உயரம் போதும். 170 டிகிரி. ஒரு பாங்கோ சீவலைப் போட்டால் அடிவரை போகாமல் பாதியில் திரும்பி மேலே வந்து விரிய வேண்டும், அதுதான் பதம். கறி விழுந்ததும் சடசடவென்று பெரிய குமிழ்கள் எழும். முதல் இரண்டு நிமிடம் தொடக் கூடாது. நேரம் ஆக ஆகக் குமிழ் சிறுத்து, சத்தம் மெலிந்து, துண்டு மேலே லேசாக மிதக்கும். நாலு, ஐந்து நிமிடத்தில் அந்தச் சத்தம் மாறுவதைக் காதால் கேட்டே நான் எடுக்கிறேன். தெர்மோமீட்டர் இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும். எடுத்ததும் காகிதத்தில் படுக்க வைக்காமல் கம்பித் தட்டில் நிறுத்தி மூன்று நிமிடம். படுக்க வைத்தால் அடிப்பக்கம் ஆவியில் நனைந்துவிடும், அத்தனை பாடும் வீண்.

சோறு குட்டை அரிசியாக இருக்கட்டும். உதிரியான அரிசியில் குழம்பு நிற்காமல் அடியில் இறங்கிவிடுகிறது. பக்கத்தில் சிவப்பான ஃபுகுஜின்சுகே ஊறுகாய். கனசாவா ஊரில் குழம்பைக் கருப்பாக, இன்னும் கெட்டியாகச் செய்து, கட்சுவின்மேல் சாஸ் கோடு போட்டு, முட்டைக்கோஸ் துருவலோடு ஸ்டீல் தட்டில் கொடுக்கிறார்கள். நான் வீட்டில் குழம்பைக் கட்சுவின் மேலே ஊற்றுவதில்லை. பக்கவாட்டில் விட்டு, துண்டுகளின் ஒரு முனை மட்டும் நனையும்படி வைக்கிறேன். ஒரு வாயில் நனைந்த பக்கமும் உலர்ந்த பக்கமும் சேர்ந்து வரும்.

மீந்த குழம்பைப் பாத்திரத்தோடு அடுப்பிலேயே இரவு முழுக்க விடாதீர்கள். கெட்டியான குழம்பு மெதுவாக ஆறும். கொதித்தும் சாகாத வித்துகளிலிருந்து கிருமி பெருக அந்த வெதுவெதுப்பு போதும். அகலமான டப்பாவில் பிரித்து, சீக்கிரம் ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அதில் கொஞ்சம் தாஷி (கடற்பாசி, உலர்மீன் போட்டு எடுக்கும் ஜப்பானியச் சாறு) விட்டு இளக்கி, கொதிக்கவைத்து, உடோன் நூடுல்ஸ் போட்டால் ஞாயிறு மதியச் சாப்பாடு.