நாகவல்லியைப் பார்க்க எங்கே போவது: பத்மநாபபுரமா, திருப்பூணித்துறையா, ஒற்றப்பாலமா?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ‘மணிச்சித்ரதாழ்’ மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. 1993-இல் வந்த மலையாளப் படம். ஆனால் அதில் எல்லோரும் பேய் என்று அஞ்சும் நாட்டியக்காரி நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த அந்தப் பாத்திரம் தமிழில்தான் பேசும், தமிழில்தான் பாடும். பாதி வாக்கியம் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசி வளர்ந்த எங்களுக்கு அவள் யாரோ ஒருத்தி இல்லை. 2005-இல் அதே கதை தமிழில் ‘சந்திரமுகி’யாக வந்த பிறகு வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: “அந்த அரண்மனை உங்க ஊர்லதானே இருக்கு?”

போன லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து அண்ணனும் மதினியும் வந்தபோதும் இதே பேச்சு. இப்படிப் பேய்ப்படங்கள் எடுத்த நான்கு இடங்களுக்கு நான் போயிருக்கிறேன்: திருப்பூணித்துறை, பத்மநாபபுரம், ஒற்றப்பாலம், வெள்ளிநேழி. எங்கே போனால் படம் பார்த்தபோது வந்த அந்தச் சில்லிப்பு திரும்ப வருகிறது என்பதை வைத்துத்தான் நான் தரம் பிரிப்பேன்.

திருப்பூணித்துறை ஹில் பேலஸை முதலில் சொல்லிவிடலாம். படத்தில் மாடம்பள்ளி வீடாக வெளியிலிருந்து நாம் பார்ப்பது இதைத்தான். கொச்சி ராஜ குடும்பம் 1865-இல் கட்டியது. ஐம்பது ஏக்கருக்கு மேல் பரப்பு, 49 கட்டடங்கள். இன்று தொல்லியல் துறை அருங்காட்சியகம். 2024 மார்ச்சிலிருந்து கொச்சி மெட்ரோவே திருப்பூணித்துறை வரை வருவதால் போவது சுலபம். படிக்கட்டு ஏறும்போது “இதேதான்!” என்று தோன்றும். அந்தச் சந்தோஷம் வாசலோடு சரி. உள்ளே கண்ணாடிப் பெட்டிகள், கிரீடம், நகைகள், பல்லக்குகள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசை. நல்ல அருங்காட்சியகம்தான், ஆனால் பயப்பட இடம் இல்லை.

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை வேறு மாதிரி. அதே படத்தின் சில காட்சிகளை இங்கேயும் எடுத்தார்கள். திருவிதாங்கூரின் பழைய தலைநகரம் இது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைப் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. தமிழ்நாட்டு மண்ணில் கேரளத்து அரண்மனை, அதில் படமான மலையாள வீட்டுக்குள் ஒரு தமிழ் நாட்டியக்காரி. எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது ஒன்றே போதும்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் கால்தான் முதலில் உணரும். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சுட்ட சிரட்டைக் கரி எல்லாம் சேர்த்து இழைத்த கறுப்புத் தரை. வெளியே கொளுத்துகிற வெயிலிலும் அது சில்லென்று இருக்கும். குனிந்து பார்த்தால் நம் நிழலுருவம் அடியில் நிற்கும். தலை இடிக்கும் உயரத்தில் நிலைப்படிகள், ஆள் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய மரப்படிகள், மர அழி, அதாவது மரச் சட்டத் தடுப்பு, வழியாகக் கீற்றாக விழும் வெளிச்சம். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போது கண் பழகுவதற்குச் சில விநாடி ஆகும். அந்தச் சில விநாடியில்தான் எல்லாமே இருக்கிறது. வீட்டின் பூட்டிவைத்த தெற்குப் பகுதியைத் தெக்கினி என்று சொல்லிப் படத்தில் அஞ்சினார்களே, அந்த அச்சம் பேயிலிருந்து வரவில்லை, இந்த மாதிரிக் கட்டட இருட்டிலிருந்து வந்தது என்று இங்கே நின்றால் புரியும்.

நவராத்திரி மண்டபத்தில் அண்ணன் மகள் அழிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு வரவே மாட்டேன் என்றாள். அரச குடும்பத்துப் பெண்கள் மறைந்திருந்து ஆட்டம் பார்த்த இடம் அது. “அத்தே, நாம பாக்குறது ஆடுறவங்களுக்குத் தெரியாதுல்ல?” என்று கேட்டாள். “தெரியாது மக்களே” என்றேன். சொன்ன பிறகு எனக்கே முதுகு சிலிர்த்தது.

ஒரு குறை உண்டு. லீவு நாளில் போனால் கூட்டம் தள்ளிக்கொண்டே போகும், எங்கும் நிற்க முடியாது. மழைக்கால வார நாளில், காலையில் திறந்ததும் போங்கள். மதியம் கொஞ்ச நேரம் பூட்டிவிடுவார்கள்.

இதற்குப் போட்டி என்றால் ஒற்றப்பாலத்துக்குப் பக்கத்தில் மனிசேரியில் இருக்கும் வரிக்காசேரி மனைதான். மனை என்றால் இங்கே நம்பூதிரிக் குடும்பத்தின் பெரிய வீடு. மம்மூட்டியின் ‘பிரமயுகம்’ (2024) இங்கே எடுத்தது. கறுப்பு வெள்ளையில் புல் முளைத்து, ஒழுகி, இடிந்துபோகப் பார்த்த அந்த வீடு நேரில் கூரை ஓடும் சுவரும் திருத்தமாக, சுற்றிலும் பச்சையாக நிற்கும். ஒரு நிமிடம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஆனால் சாயங்காலம் ஆள் குறைந்த பிறகு குளத்துப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள், நிறம் மங்க மங்கப் படம் திரும்பி வரும். பாலக்காடு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரே நாளில் போய் வரலாம். ஷூட்டிங் நடந்தால் உள்ளே விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் வெள்ளிநேழியில் ஒளப்பமண்ண மனை. ‘ஆகாசகங்கா’ (1999) எடுத்த வீடு, கதகளியின் கல்லுவழிப் பாணியை வளர்த்த வீடும் கூட. நான்கில் இங்கே மட்டும்தான் விருந்தினராக இரவு தங்க முடியும். பேய்ப்பட வீட்டில் ராத்திரி படுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். பகலில் எட்டிப் பார்த்துவிட்டு வர மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பேன்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் பத்மநாபபுரத்துக்குத்தான் அனுப்புவேன். இரண்டு நாள் என்றால் வரிக்காசேரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மட்டும் அரண்மனைக்குக் கிளம்பிவிடாதீர்கள். பத்மநாபபுரம், ஹில் பேலஸ் இரண்டுக்குமே அன்று விடுமுறை.