லேபிள் இல்லாத டப்பாவில் வந்த மங்கு க்ரீம்

கன்னத்தில் மங்கு இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் எதையும் பூசுங்கள்.

குழந்தை பிறந்த பிறகு எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு படிந்தது. தெரிந்தவர் மூலம் அறிமுகமான பார்லர்காரப் பெண், "நாங்களே கலக்குறதுக்கா, சைடு எஃபெக்டே கிடையாது" என்று வெள்ளை டப்பா ஒன்றைக் கொடுத்தார். லேபிள் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது, எப்போது காலாவதி, எதுவும் எழுதவில்லை. இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. சந்தோஷத்தில் ஃபோட்டோ எடுத்து அவருக்கே அனுப்பினேன்.

மூன்றாவது மாதம் ஆரம்பித்தது வினை. வெறும் தண்ணீர் பட்டாலே மிளகாய் பூசியதுபோல எரிச்சல். மூக்கோரம் சிவப்பு நூல் மாதிரி நரம்புகள். தாடையில் பூனைமுடி. பயந்து நிறுத்தினேன், மூன்றாம் நாள் முகம் மொத்தமும் சிவந்து வீங்கிவிட்டது. கேட்டால், "உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருதுக்கா, விடாம பூசுங்க" என்கிறார். பூசினேன், அடங்கியது. மருந்து வேலை செய்கிறது என்றே நம்பிவிட்டேன்.

தோல் மருத்துவர் பார்த்ததுமே ஸ்டீராய்டு என்றார். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் வகைகள் பூசும்வரை சிவப்பை அமுக்கி வைக்கும், தோலை மெலிதாக்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திருப்பி அடிக்கும். நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் என்ற மருந்துகளோடு ஸ்டீராய்டு சேர்ந்த க்ரீமை மங்குக்கு மருத்துவர்களே எழுதுவதுண்டுதான். ஆனால் இத்தனை நாள்தான் பூசலாம் என்று அதற்குக் கெடு உண்டு. ஹைட்ரோகுவினோனையே கேட்பாரில்லாமல் வருடக்கணக்கில் பூசினால், மங்கு இருந்த இடமே கருநீலமாகிவிடும். அதைப் போக்குவது மிகக் கஷ்டம்.

என்னை உலுக்கியது பாதரசம் பற்றி அவர் சொன்னதுதான். சில வெளுப்பு க்ரீம்களில் அதைக் கலக்கிறார்கள். தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லேபிளில் கலோமெல் என்று போட்டிருந்தாலும் அது பாதரசம்தான். பூசியவரைத் தொடும் குழந்தைக்கும் ஒட்டும். அந்த மூன்று மாதமும் கைக்குழந்தையைக் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சியிருக்கிறேன். லேபிளே இல்லாத டப்பாவில் எதைப் பார்த்துச் சரிபார்ப்பது?

ஏற்கெனவே இப்படி ஒன்றைப் பூசுகிறீர்களா? என்னைப்போல் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், டப்பாவோடு உடனே தோல் மருத்துவரிடம் போங்கள். எனக்குப் படிப்படியாகத்தான் நிறுத்தினார்கள். எரிச்சல் அடங்கவே எட்டு மாதம் ஆனது. மூக்கோர நரம்புகள் இன்னும் போகவில்லை. மங்கும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்போது வெயிலில் இறங்கினால் சன்ஸ்கிரீன் இல்லாமல் இறங்குவதில்லை.

நான் அனுப்பிய அந்த இரண்டாவது வார ஃபோட்டோவைத்தான் அவர் விளம்பரமாகப் போட்டிருக்கிறார். எடுக்கச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை.