பரம்பரைக் கொழுப்புக் கோளாறுகள்: ஒன்று இதயத்துக்கு, மற்றது கணையத்துக்கு

குடும்பவழி உயர் கொலஸ்ட்ராலில் பழுது பெரும்பாலும் எல்டிஎல் ஏற்பியில், அதாவது ‘கெட்ட’ கொலஸ்ட்ராலான எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் புரதத்தில். இந்த ஏற்பியைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அப்பா, அம்மா யாராவது ஒருவரிடமிருந்து பழுதான மரபணு வந்தாலே போதும்; சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைப் பிடித்துப் பார்த்தால் சிலருக்குத் தடித்து, முண்டும் முடிச்சுமாகத் தட்டுப்படும். கைவிரல் முட்டிகளின் மேலும் இதே முடிச்சு வரும். விரலை மடக்கி நீட்டும்போது நாணோடு சேர்ந்து நகரும். 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தாலும் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் மாரடைப்பு வரும்வரை பலருக்குத் தெரிவதே இல்லை.

குடும்பவழி கைலோமைக்ரான் (சாப்பிட்ட கொழுப்பை ரத்தத்தில் சுமந்து செல்லும் துகள்) தேக்கம் அப்படியில்லை, மிக அரிது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வர வேண்டும். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் வாய்ப்பு கூடும். பெரும்பாலும் இந்தக் கொழுப்பை உடைக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் நொதி வேலை செய்யாததால், சாப்பிட்ட கொழுப்பு ரத்தத்திலேயே நின்றுவிடும். டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டும். ரத்த மாதிரியை ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே பாலாடை போலப் படியும். பிட்டத்திலும் முழங்கையிலும் மஞ்சள் நிறச் சிறு பருக்கள் கிளம்பும். பெரிய ஆபத்து, கணைய அழற்சி.

சரி, மருந்து? முன்னதற்கு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை நன்றாகக் கேட்கும். பின்னதற்கு அது போதாது. எண்ணெய், நெய்யை ஏறக்குறைய கைவிட வேண்டும். முன்னதில்தான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம் என்பது என் கருத்து. வீட்டில் ஒருவருக்கு உறுதியானால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உடனே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.