டிவிக்குப் பின்னால் எந்த லைட்? கலர் ஸ்ட்ரிப்பா, வெறும் வெள்ளையா

ராத்திரி ஹால் லைட்டை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிற ஆள் நான். இருட்டுக் காட்சி முடிந்து சட்டென்று வெயில் காட்சி வந்தால் கண் கூசும், இரண்டு மணி நேரம் ஓடினால் நெற்றிப்பொட்டில் வலி வந்துவிடும். டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டும் பார்த்தேன், எதிர்ச்சுவரில் இருக்கிற அது திரையில் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்து கறுப்பையெல்லாம் சாம்பலாக்கிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வழிதான் பயஸ் லைட்: டிவியின் முதுகில் ஒட்டி, சுவரில் மட்டும் படுகிற மாதிரி மெல்லிய வெளிச்சம். அறை முழு இருட்டாக இல்லாததால் கண்மணி ரொம்ப விரிவதில்லை, அதனால் கூச்சம் குறைகிறது. சுற்றிலும் கொஞ்சம் வெளிச்சம் இருப்பதால் திரையின் கறுப்பும் இன்னும் கறுப்பாகத் தெரிகிறது.

நான் முதலில் வாங்கியது, எல்லாரும் வாங்குகிற அந்தக் குட்டி ரிமோட் வைத்த கலர் ஸ்ட்ரிப், அதாவது ஒட்டுகிற எல்இடி பட்டை. வெள்ளைப் பட்டனை அழுத்தினால் வருவது சரியான வெள்ளை இல்லை, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்துச் சமாளிக்கிற ஒரு நீலம் பாய்ந்த வெளிச்சம். இரண்டாவது நாளே அம்மா கேட்டுவிட்டார், "என்னடா, இந்தப் பொண்ணுக்கு மஞ்சக்காமாலையா?" டிவியில் எந்தக் கோளாறும் இல்லை. சுற்றியுள்ள நீலத்தையே கண் வெள்ளை என்று எடுத்துக்கொண்டதால், திரையில் உள்ள முகம் மஞ்சளாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. டிவிக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் படத்தின் நிறம் சரிசெய்யும்போது வெள்ளை என்று வைத்துக்கொள்வது டி65 என்கிற வெள்ளை, அதாவது சுமார் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு). பின்னால் எரியும் லைட்டும் அதே வெள்ளையாக இருந்தால்தான் கண் குழம்பாது.

அடுத்து, படத்தோடு சேர்ந்து நிறம் மாறுகிற வகை. பிலிப்ஸ் 2004-லேயே ஆம்பிலைட் என்று டிவியோடு சேர்த்தே கொண்டுவந்துவிட்டது. தனியாக வாங்குவதென்றால், எச்டிஎம்ஐ வயருக்கு நடுவில் சிக்னலைப் படிக்கிற ஒரு பெட்டி வைப்பது ஒரு வகை, திரையைப் பார்த்தபடி ஒரு குட்டி கேமரா மாட்டுவது இன்னொரு வகை. பெட்டியை நம்பி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பில் படம் பார்த்தால் அந்தச் சிக்னல் பெட்டி வழியாகப் போகாது, லைட் சும்மா இருக்கும். சரி, பார்க்க எப்படி? கேமுக்கும் கிரிக்கெட்டுக்கும் அட்டகாசம், மறுக்கவே மாட்டேன். ஆனால் மைதானம் வந்தால் சுவர் பச்சை, அடுத்த ஷாட்டில் நீலம் என்று மாறிக்கொண்டே இருந்தால் கண்ணுக்கு எதை வைத்து வெள்ளையைத் தீர்மானிப்பது? நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்பவருக்கு இது நேர் எதிர்த்திசை. ஆம்பிலைட் டிவி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதை நிலையான வெள்ளையில் வைத்துப் பாருங்கள்.

டி65-க்கென்றே அளந்து செய்த ஸ்ட்ரிப்புகளும் உண்டு, சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு 100-க்குப் போடுகிற மார்க்) 95-க்கு மேல். விலை சாதாரண ஸ்ட்ரிப்பைப் போலப் பல மடங்கு. வீட்டில் உட்கார்ந்து கலர் கிரேடிங், அதாவது படத்துக்கு நிறம் சரிசெய்கிற வேலை, செய்கிறவர் யோசிக்காமல் வாங்கலாம். சீரியல் பார்க்கிறதுக்கு அது தேவையில்லை.

நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. கடையில் 'கூல் டேலைட்' என்று தருகிற எல்இடி பல்பின் அட்டையில் 6500 கெல்வின் என்றே போட்டிருக்கும். ஒரு 3 வாட் பல்பை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையைப் பார்த்து வைத்தால் செலவே இல்லாமல் முயன்று பார்க்கலாம். 9 வாட் வேண்டாம், சுவர் திரையோடு போட்டி போடும். திரையின் முழு வெள்ளையில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் சுவரில் இருந்தால் போதும் என்பதுதான் சாதாரண வீடியோவுக்கான கணக்கு, எச்டிஆருக்கு (வெளிச்ச வித்தியாசம் அதிகமாக வருகிற வீடியோ) வெறும் 5 நிட்ஸ் (பரப்பின் வெளிச்சத்தை அளக்கிற அலகு). பல்பில் குறை, வெளிச்சம் ஒரே இடத்தில் திட்டாக விழும்.

அதனால் கடைசியில் நான் நின்றது வெள்ளை மட்டும் எரிகிற 5 வோல்ட் யுஎஸ்பி ஸ்ட்ரிப்பில், டிம்மரோடு. 55 இஞ்ச் டிவிக்கு ஓரத்திலிருந்து 5 செ.மீ. உள்ளே தள்ளி மேலும் பக்கங்களும் ஒட்ட சுமார் 2.3 மீட்டர், நாலு பக்கமும் என்றால் 3.4 மீட்டர். டிவியின் யுஎஸ்பி பல சமயம் 0.5 ஆம்பியர்தான் தரும், ஸ்ட்ரிப் அதற்கு மேல் இழுத்தால் போன் சார்ஜரில் செருகிவிடுங்கள். அட்டையில் 6500 என்று போட்டிருப்பதை அப்படியே நம்பவும் வேண்டாம். டிவியை மூவி அல்லது ஃபிலிம்மேக்கர் மோடில் வைத்து, ஒரு வெள்ளைப் படத்தைத் திரை முழுக்கப் போட்டு, பக்கத்துச் சுவரோடு ஒப்பிட்டால் நீலம் பாய்கிறதா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். டிவி ஸ்டாண்டர்டு மோடிலேயே இருந்தால் பெரும்பாலும் திரைதான் நீலமாக இருக்கும், அப்போது நல்ல லைட்கூட மஞ்சளாகத் தெரிந்து பழி வாங்கும். டிம்மரைக் குறைத்துவிட்டு போன் கேமராவில் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடினால் லைட் கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டுகிறது என்று அர்த்தம், அந்த டிம்மர் வேண்டாம், தலைவலியைக் குறைக்க வாங்கியதே தலைவலி தரும்.

ஓஎல்இடி டிவி வைத்திருப்பவருக்குக் கறுப்பு ஏற்கெனவே முழுக் கறுப்பு, அவருக்கு லாபம் கண் சுகம்தான். என்னுடையது மாதிரி எல்சிடி என்றால் ஓரத்தில் கசிகிற, திரைக்குள் எரியும் பேக்லைட்டும் சேர்ந்து மறையும்.

இவ்வளவும் செய்த பிறகும் எனக்குப் படம் லேசாகச் சிவந்தே தெரிந்தது. காரணம் சுவர், வெளிர் பச்சை டிஸ்டெம்பர். எந்த வெள்ளையை அடித்தாலும் பச்சையாகத்தான் திரும்பி வரும். பெயின்ட் அடிக்க வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை, ஸ்டேஷனரி கடையில் ஆறு வெள்ளை சார்ட் பேப்பர் வாங்கி டிவிக்குப் பின்னால் ஒட்டிவிட்டேன். பகலில் பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான். அந்தக் கலர் ஸ்ட்ரிப் போன நவராத்திரிக்குக் கொலுப்படிக்கு அடியில் போனது, இன்னும் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.